பழைய டிரம் மாட்யூலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது

எலக்ட்ரானிக் டிரம் மாட்யூல், அதாவது அடிக்கும் தட்டுகளான பேட்கள் இணையும் ஒலிப்பெட்டி, பழசாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் எது பழசாகிவிட்டது என்று கேட்டால், "சத்தம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உள்ளே இருக்கும் சாம்பிள்கள் (பதிவு செய்த சத்தங்கள்) பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் மாட்யூல் இரண்டு வேலை செய்கிறது: குச்சி எந்த பேடில் எவ்வளவு பலமாக விழுந்தது என்று அளப்பது ஒன்று, அதற்கேற்ற சத்தத்தைக் கொடுப்பது இன்னொன்று. சத்தத்தை வேறெங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அளக்கிற வேலையை ஒழுங்காகச் செய்யும் பெட்டியை மட்டும் கைவிடக் கூடாது. அதனால் மாற்றங்களை நான் எப்போதும் ட்ரிக்கர் பக்கத்திலிருந்துதான், அதாவது அடியை அளக்கும் பக்கத்திலிருந்துதான், தொடங்குவேன்.

மூடியைக் கழற்றும் முன் உங்கள் கிட்களை, அதாவது பேட்களுக்கு ஒதுக்கி வைத்த சத்தங்களின் தொகுப்புகளை, பத்திரப்படுத்துங்கள். மிடி (இசைக்கருவிகள் தகவலை எண்களாக அனுப்பும் இணைப்பு) அவுட்டைக் கணினியில் இணைத்து, மெனுவில் பல்க் டம்ப் (எல்லா செட்டிங்கையும் மொத்தமாக அனுப்புவது) கொடுத்தால் எல்லாம் சிஸ்எக்ஸ் என்ற வகைக் கோப்பாக வந்துவிடும். பழைய மாட்யூல்கள் பலவற்றில் செட்டிங்குகளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு 3 வோல்ட் லித்தியம் காசு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. அதைக் கழற்றினால் நீங்கள் செய்து வைத்த கிட் எல்லாம் போய்விடும். சில போர்டுகளில் பேட்டரியையே தகடு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேட்டரி ஹோல்டரைப் பற்றவையுங்கள், அடுத்த முறை கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். காசு பேட்டரியின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.

அடாப்டரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்ததைச் செருகுவதுதான் ஒரு நல்ல மாட்யூலைக் கொல்ல மிக எளிய வழி. அலேசிஸ் டிஎம்5 கேட்பது 9 வோல்ட் ஏசி, டிசி அல்ல. ரோலண்டின் சிறிய மாட்யூல்கள் பலவும் கேட்பது 9 வோல்ட் டிசி, அதுவும் நடுவில் மைனஸ். பெட்டியின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகு செருகுங்கள்.

திறந்ததும் முதலில் இன்புட் ஜாக்குகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் கேபிள் இழுத்து இழுத்து, போர்டில் ஜாக் நிற்கிற இடத்தில் ஈயம் மெல்லிய வளையமாக விரிசல் விட்டிருக்கும். பேட் சில அடிகளை விழுங்குகிறது, ஒரு அடிக்கு இரண்டு முறை ஒலிக்கிறது, கேபிளை அசைத்தால் சரியாகிறது என்றால் அனேகமாக இதுதான் காரணம். மாதக்கணக்கில் த்ரெஷோல்டை (எவ்வளவு பலத்துக்குக் கீழே வரும் அடியை மாட்யூல் விட்டுவிடும் என்ற அளவை) மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஈயத்தை ஒருமுறை உருக்கிப் புதிதாகக் கொஞ்சம் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்ததை நானே அனுபவித்திருக்கிறேன். அமுங்காத பட்டன்களுக்குப் புது டாக்ட் சுவிட்ச், எண்கள் தாவுகிற டயலுக்குக் கான்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான்.

அப்புறம் பேட்களைக் கூட்டுவது. இதில்தான் விஷயம் அதிகம். ஸ்டீரியோ ஜாக்கில் டிப் (பிளக்கின் நுனி) வழியாகத் தலைப்பரப்பின் சிக்னலும், ரிங் (நடு வளையம்) வழியாக விளிம்பின் சிக்னலும் வரும். ரோலண்டின் இரட்டை ட்ரிக்கர் ஸ்நேர் பேட்களில் இரண்டுமே பியசோ (அதிர்வை மின் சிக்னலாக்கும் தகடு). யமஹா பேட்களில் பெரும்பாலும் விளிம்பு ஒரு சுவிட்ச். அதனால் ஒன்றின் பேடை இன்னொன்றின் மாட்யூலில் போட்டால் தலை வேலை செய்யும், விளிம்பு ஊமையாகிவிடும், பேட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் இன்புட் இரண்டு பியசோவை ஏற்கும் வகை என்றால், ஒரு ஸ்டீரியோ பிளக்கை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு ஒரே இன்புட்டில் இரண்டு தனி பேட்களை இணைக்கலாம். ஆனால் தலையும் விளிம்பும் ஒரே சமயத்தில் வந்தால் பல மாட்யூல்கள் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே சேர்த்து அடிக்காத இரண்டையே ஜோடி போடுங்கள், கௌபெல்லும் கடைசி டாமும் மாதிரி. காலால் அடிக்கும் கிக்கை ஒருபோதும் பங்கு போடாதீர்கள்.

நீங்களே பேட் செய்கிறீர்கள் என்றால் 27 அல்லது 35 மில்லிமீட்டர் பியசோ தகடு போதும். சிக்னல் தேவைக்கு மேல் பலமாக வந்து, லேசான அடிக்கே மீட்டர் உச்சிக்குப் போனால், நடுவில் ஒரு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி சிக்னலைக் குறைக்கும் மின்தடை) வையுங்கள்: பியசோவின் இரண்டு கம்பிகளும் அதன் இரு ஓர முனைகளுக்கு, நடு முனை ஜாக்கின் டிப்புக்கு, பியசோவின் கிரவுண்டு ஜாக்கின் ஸ்லீவுக்கு (பிளக்கின் அடிப்பகுதி தொடும் முனை).

செட்டிங்கில் வரிசை முக்கியம். சென்சிட்டிவிட்டியை முதலில் வையுங்கள், உங்கள் முழு பலத்து அடி மட்டும் உச்ச எண்ணான 127ஐத் தொட வேண்டும். பிறகு த்ரெஷோல்ட், ஸ்டாண்ட் அதிர்வு சத்தமாகாத அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஏற்றினால் ஸ்நேரின் மெல்லிய கோஸ்ட் நோட்கள் செத்துவிடும். மெஷ் ஹெட் (வலையாலான தலைப்பரப்பு) ரப்பரைவிட நீண்ட நேரம் அதிரும் என்பதால் அதற்கு ரீட்ரிகர் கேன்சலும் (ஒரே அடி மறுபடி ஒலிப்பதைத் தடுப்பது) மாஸ்க் டைமும் (ஒரு அடிக்குப் பின் அடுத்ததை மாட்யூல் கவனிக்காத நேரம்) கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும், ஆனால் மாஸ்க்கை அதிகமாக்கினால் வேகமான ரோலில் அடிகள் காணாமல் போகும். ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றை ஒலிக்க வைப்பதைத் தடுக்கும் கிராஸ்டாக் செட்டிங்கைக் கடைசியில் தொடுங்கள். அதற்கு முன் பேட்கள் ஒரே குழாயில் இடித்துக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள், நகர்த்தி வைத்தாலே பாதி தீர்ந்துவிடும்.

சரி, சத்தம். ரோலண்ட் டிடி-20க்கு டிடிடபிள்யூ-20 என்ற விரிவாக்க போர்டு வந்தது, அப்படி உங்கள் மாட்யூலுக்கும் ஒன்று கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மிடி வழியாகக் கணினியில் ஒரு டிரம் மென்பொருளை ஓட்டுங்கள், பெரும்பாலோருக்கு இதுதான் சிறந்த வழி என்பது என் கருத்து. மிடியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண் உண்டு: கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46 என்று இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹை-ஹாட் பெடலின் நிலை பெரும்பாலும் கன்ட்ரோலர் 4 என்ற மிடி செய்தியில் வரும். மிடி கேபிளில் ஒரு அடி போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லி விநாடிதான் ஆகும். தாமதம் தெரிந்தால் ஆடியோ இன்டர்ஃபேஸின் பஃபரை (ஒலித் தரவு வெளியே போகும் முன் காத்திருக்கும் இடத்தை) குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் (இங்கே ஒலியின் ஒரு நுண் அளவீடு) என்பது சுமார் 2.9 மில்லி விநாடி, 512 என்றால் 11.6, அது கைக்கு நன்றாகவே தெரியும்.

எல்லாம் முடிந்து மூடியைப் போட்டதும் ஒவ்வொரு பேடையும் மிக மெல்லியதிலிருந்து பலமாக அடித்துக்கொண்டே போய், வெலாசிட்டி (அடியின் பலம்) எண்கள் படிப்படியாக ஏறுகின்றனவா, எங்காவது குதிக்கின்றனவா என்று திரையில் பாருங்கள். திருப்தியானால் இன்னொரு பல்க் டம்ப் எடுத்து, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு வையுங்கள்.