பழைய நாள்காட்டி அட்டையில் ஒரு வேலைப் பலகை

தாள்கள் தீர்ந்த தினசரி நாள்காட்டியின் அட்டையைத் தூக்கி எறியாமல், செய்ய வேண்டிய வேலைகளை நினைவூட்டும் பலகையாக மாற்றலாம். அதிலுள்ள தகரப் பட்டையைக் கழற்றிவிட்டு, பழைய திருமண அழைப்பிதழ் உறைகள் மூன்றை, வாய் மேல்நோக்கி இருக்குமாறு, ஒன்றன்கீழ் ஒன்றாக மைதாப் பசையால் ஒட்டவும். பசையில் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அரிக்காது. ஆனால் அது நஞ்சு என்பதால், அதைக் கலக்கச் சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது.

உறைகளில் ‘இன்று’, ‘இந்த வாரம்’, ‘கட்ட வேண்டியவை’ என எழுதவும். அழைப்பிதழின் வெற்றுப் பக்கத்தைச் சீட்டுகளாக நறுக்கி, ஒரு சீட்டில் ஒரே வேலையை எழுதவும். பலவற்றை எழுதினால் சீட்டை இடம் மாற்ற முடியாது. உறையின் உயரத்தைச் சீட்டின் உயரத்தில் பாதியாகக் கத்தரித்தால்தான் சீட்டிலுள்ள எழுத்து வெளியே தெரியும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவதால், அதற்கான சீட்டில் தேதியை மட்டும் பென்சிலால் எழுதி, கட்டியபின் அழித்து மாற்றிக்கொள்ளலாம்.