உங்கள் போனைக் குழந்தையிடம் கொடுக்கும் முன் பூட்ட வேண்டிய இடங்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கென்று தனிப் போன் கிடையாது, என் போனைத்தான் தினமும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் சட்டென்று போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கிப் பார்த்தால் பிரவுசரில் அவள் வயதுக்குக் கொஞ்சமும் ஒவ்வாத படம். அவளாகத் தேடிப் போகவில்லை. விளையாட்டின் நடுவே விளம்பரம் வந்திருக்கிறது, மூடுவதற்காக மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டிருக்கிறாள், அது அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அன்றிரவே உட்கார்ந்து என் போனில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இது ஆண்ட்ராய்டுக்கானது, ஐபோன் பற்றிக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

1. போன் பூட்டு

ரகசிய எண்ணை மாற்றுங்கள். நாம் எண்ணைத் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நம் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவர்கள் எதிரில் கைரேகையால் மட்டும் திறப்பது நல்லது. அவசரத்துக்கு உதவும் என்று பிள்ளையின் விரலையும் பதிந்து வைத்திருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை கீழே சொல்லும் பூட்டுகளுக்குப் பயனில்லை.

2. யூடியூப் கிட்ஸ்

சாதாரண யூடியூபை இந்த வயதில் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கிட்ஸ் செயலியை உங்கள் கணக்கில் நுழைந்து அமையுங்கள். கணக்கில்லாமலும் ஓடும், ஆனால் வேண்டாத சேனலைத் தடுக்கும் வசதி கிடைக்காது.

கீழ் மூலையில் பூட்டுப் படம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும், சரியான விடை தந்தால் அமைப்புகள் திறக்கும். வாய்ப்பாடு படித்த பிள்ளைக்கு இது பூட்டே இல்லை. “ஏழெட்டு ஐம்பத்தாறு” என்று சொல்லிக்கொண்டே என் மகள் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். அதே திரையில் சொந்தக் கடவுஎண் வைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, போனுக்கு வைத்த எண்ணிலிருந்து வேறான ஒன்றைக் கொடுங்கள்.

உள்ளே 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவுகள் உண்டு. நான் இவற்றை விட்டுவிட்டு, வீடியோக்களைப் பெற்றோரே அனுமதிக்கும் முறையைத்தான் வைத்திருக்கிறேன். நாம் தேர்ந்த சேனல்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும், தேடவும் முடியாது. முதல் நாள் அரை மணி நேரம் வேலை வாங்கும், அப்புறம் நிம்மதி.

3. செயலியை விட்டு வெளியேறாமல் நிறுத்துவது

நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். கிட்ஸ் செயலியை எவ்வளவு பூட்டினாலும் ஹோமுக்குப் போய்விட்டால் போன் முழுக்கத் திறந்து கிடக்கிறது. இதற்கு ஆண்ட்ராய்டிலேயே ‘ஆப் பின்னிங்’ என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் ‘பின்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், போனுக்குப் போன் இடம் மாறுகிறது.

இயக்கிய பிறகு செயலியைத் திறந்து, அண்மையில் பயன்படுத்தியவை வரிசையாகத் தெரியும் திரைக்குப் போங்கள். அங்கே செயலியின் பெரிய படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அழுத்த வேண்டியது அந்தப் படத்துக்கு மேலே இருக்கும் சிறிய ஐகானை. அதைத் தொட்டால் வரும் பட்டியலில் ‘பின்’ இருக்கும்.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். பின்னிங் அமைப்புக்குள்ளேயே, விடுவிக்கும் முன் ரகசிய எண் கேட்கச் சொல்லும் ஒரு சுவிட்ச் தனியாக இருக்கிறது. அதைப் போடாவிட்டால், கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்தாலே பூட்டு கழன்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் போதும்.

4. விளையாட்டுகள்

பின் செய்த செயலியும் வேறொரு செயலியைத் திறக்க முடியும், பின் செய்யும்போது போனே இதை எச்சரிக்கிறது. விளம்பரம் வழியாக பிரவுசருக்குப் போகும் ஓட்டை அதுதான். அதனால் இணையமே தேவைப்படாத விளையாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்ட பிறகு பின் செய்து கொடுக்கிறேன். பின்னிங்கில் மேலிருந்து இழுக்கும் பட்டியல் திறக்காது என்பதால் அவர்களால் இணையத்தைத் திரும்பப் போட முடியாது. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் சாட் உள்ள விளையாட்டுகள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். பிளே ஸ்டோர் அமைப்பில், எதை வாங்கினாலும் உறுதி கேட்கும்படியும் வைத்துவிடுங்கள்.

5. பிள்ளையிடம் பேசுவது

அவள் ஏன் போனைக் கவிழ்த்தாள் என்று மறுநாள் மெதுவாகக் கேட்டேன். “சொன்னா இனிமே போன் தரமாட்டீங்கல்ல?” என்றாள். இரவு முழுக்கப் பூட்டுகளைத் தேடிய எனக்கு இது தோன்றவே இல்லை. சொன்னால் பறிபோகும் என்று பயந்தால் பிள்ளை மறைக்கத்தான் செய்யும். ஒரு வாக்குக் கொடுத்தேன்: ஏதாவது வினோதமாக வந்தால் போனை அப்படியே என்னிடம் கொண்டுவா, திட்டமாட்டேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவேன். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை கொண்டுவந்தாள். வந்தது வெறும் பரிசு விளம்பரம்தான். ஆனாலும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அது என்னவென்று சேர்ந்து படித்து, மூடிவிட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

பின்சேர்க்கை:

ஏரோபிளேன் மோடில் போட்டால் அழைப்பு வராதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். அழைப்பு முக்கியமென்றால் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் மட்டும் அணைத்துவிட்டுப் பின் செய்யுங்கள்.

பிள்ளைக்கே தனி டேப்லெட் இருந்தால் கூகுளின் ஃபேமிலி லிங்க் நல்லது. நேர வரம்பு வைக்கலாம், எந்தச் செயலி இறக்கவும் உங்கள் அனுமதி கேட்கும். கணக்கு தொடங்கும்போது உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வயதைக் கூட்டிப் போட்டால், அது குழந்தைக் கணக்காகவே அமையாது.

ஐபோனில் பின்னிங்குக்கு ஈடானது கைடட் ஆக்சஸ். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் இருக்கிறது. இயக்கிய பிறகு, செயலியைத் திறந்து பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும், ஹோம் பட்டன் உள்ள மாடலில் அந்தப் பட்டனை. இதில் எனக்குப் பிடித்தது, திரையில் விளம்பரம் வரும் பகுதியை விரலால் வட்டமிட்டால் அங்கே மட்டும் தொடுதல் வேலை செய்யாது.