குறைமாதப் பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

37 வாரம் நிறையும் முன் பிறந்த பிள்ளையை இன்கியுபேற்றரில் வைத்ததும், தாய் விடுதிக் கட்டிலில் அழுதபடியும் தகப்பன் வெளியே வாங்கிலில் குந்தியபடியும் நாட்களைக் கழிப்பதை யாழ்ப்பாணத்தில் அடிக்கடி காண்கிறோம். இனி எல்லாம் வைத்தியரின் கையில், எங்களுக்கு அங்கே வேலையில்லை என்ற அந்த எண்ணமே முதல் தவறு. மற்றவற்றுள் பல அதிலிருந்துதான் பிறக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு பாலில் நேர்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்தும் திறன் ஏறத்தாழ 34 வாரமளவில்தான் பிள்ளைக்குக் கைகூடும் என்பதால், அதுவரை மெல்லிய குழாய் வழியாகவே பால் வயிற்றைச் சென்றடையும். பிள்ளை குடிக்கத் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று தாய் காத்திருந்தால் அதற்குள் சுரப்பு வற்றத் தொடங்கிவிடும். உடல்நிலை இடங்கொடுத்தால் பிரசவமான சில மணித்தியாலங்களுக்குள்ளேயே பாலைப் பிழிந்தெடுக்கத் தொடங்கி, இரவும் உட்பட நாளொன்றுக்கு 8 தடவையாவது தொடர வேண்டும். முதல் நாள் அரை மணித்தியாலம் முயன்றாலும் சிரிஞ்சின் அடியில் ஒரு மில்லிலீற்றர் மஞ்சட்பால்கூடச் சேராமற் போகலாம். இது எந்த மூலைக்குக் காணும் என்று அதை ஊற்றிவிடாதீர்கள். குறைமாதப் பிள்ளைகளைத் தாக்கும் கொடிய குடல் அழற்சியின் ஆபத்தைத் தாய்ப்பால் குறைக்கிறது. உனக்குப் பால் இல்லைப் பிள்ளை என்று பெரியவர்கள் சொல்வதும், பத்தியம் என்ற பெயரில் தாயின் தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைப்பதும் அவளை இன்னும் தளர்த்திவிடும்.

வயர்களுக்குப் பயந்து பிள்ளையைத் தொடாமல் இருப்பது அடுத்த தவறு. குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை நெஞ்சோடு தோல்படச் சேர்த்து அணைத்திருக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. கங்காரு முறை என்பது இதுதான். தகப்பனும் இதைச் செய்யலாம். எப்போது தொடங்கலாம் என்று தாதியரிடம் நீங்களாகவே கேளுங்கள். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். வெளியே எடுக்க முடியாத பிள்ளையை விரல் நுனியால் வருடாதீர்கள். அந்த மெல்லிய தோலுக்கு அது தொந்தரவு. ஒரு கையைத் தலையிலும் மறுகையைப் பாதங்களிலும் அசையாமல் வைத்திருங்கள். விரிந்து துடிக்கும் கைகால்கள் மெல்ல மடங்கி அடங்குவதைக் காண்பீர்கள்.

ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று தாயின் காதுபடச் சொல்லும் கொடுமை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இது முற்றிலும் பிழை. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலை முதிரச் செய்கிறது. எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளைக்கே வாய்ப்பு அதிகம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எத்தனை கிராம் கூடிவிட்டது என்று தினமும் கேட்பவர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும். முதல் நாட்களில் நிறை குறைவது இயல்பு. பிறந்த நிறையை மீண்டும் எட்ட இரண்டு வாரம்கூட ஆகலாம்.

வீட்டுக்கு வந்த பின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனை, ஓமத்தண்ணீர், சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஊரைக் கூட்டாதீர்கள். ஒருவரின் சாதாரண தடிமன்கூட இந்தப் பிள்ளையை மீண்டும் வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும். பிள்ளை நன்றாகத்தானே பார்க்கிறது என்று விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடுவது மிக ஆபத்தானது, ஏனெனில் குறைமாதப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய விழித்திரை நோய் வெளியே தெரியாமலே வளரும். தலை நிமிர்வதையும் இருப்பதையும் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாமல், இரண்டு வயது வரை, முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்தே பிள்ளையின் வயதைக் கணக்கிடுங்கள். தடுப்பூசிக்கு மட்டும், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பிறந்த திகதியே கணக்கு.

பால் குடிக்க மறுத்தாலோ, உடல் குளிர்ந்து சோர்ந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு 20 விநாடிக்கு நின்றாலோ, மந்திரித்துப் பார்வை பார்ப்பிக்கவென்று நேரத்தைக் கடத்தாமல், இரவென்றும் பாராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.