ஓபிடி காலத்தில் மேடை வேலை: அமெரிக்காவில் இசை, நடனம், நாடகம் படித்தவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, தங்கள் துறையில் வேலை செய்யத் தற்காலிகமாகக் கிடைக்கும் அனுமதியான ஓபிடியில் வேலை தேடுவது பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை கணினித் துறையை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஒரே நிறுவனம், மாதச் சம்பளம், வாரம் 40 மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. வயலினோ பாட்டோ நடனமோ நடிப்போ படித்தவருக்கு வாழ்க்கை அப்படி அமைவதில்லை. வெள்ளி மாலை ஒரு திருமணத்தில் வாசிப்பு, ஞாயிறு காலை தேவாலயத்தில் பாட்டு, அடுத்த மாதம் முழுக்க ஒரு நாடக ஒத்திகை என்று வேலைகள் சிதறித்தான் வரும். நம்மில் பலர் இது சட்டத்துக்கு ஒத்துவராது என்று பயந்து கலையையே ஓரம்கட்டிவிடுகிறார்கள். அது தேவையில்லாத பயம். இசைக் கலைஞர்களும் மேடைக் கலைஞர்களும் பல இடங்களில் குறுகிய கால வேலைகள் செய்யலாம் என்று ஓபிடி வழிகாட்டுதலிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இதற்கென்று ஒரு கூடுதல் நிபந்தனை: எல்லா நிகழ்ச்சிகளுக்கும் தேதியோடும் கால அளவோடும் பட்டியல் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும்.

நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்றைத்தான். முதலில் உங்கள் துறையிலேயே நிலையான சிறு வேலை ஒன்றைப் பிடியுங்கள். விசா நிலையை அது தாங்கட்டும். கச்சேரிகளையும் ஆடிஷன்களையும் அதன் மேல் அடுக்குங்கள்.

படி 1: விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவருக்கு ஒவ்வொரு உயர் பட்டநிலைக்கும் 12 மாத ஓபிடி உண்டு. அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு இருக்கிறது; இசை, நடன, நாடக நிகழ்த்துகலைப் பட்டங்களுக்கு அது கிடையாது. ஆகவே உங்கள் கையில் இருப்பது ஒரே ஓர் ஆண்டு.

அந்த ஆண்டில் மூன்று நிபந்தனைகள். வேலை உங்கள் பட்டப் படிப்போடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேண்டும். பல வேலைகளைக் கூட்டிக் காட்டலாம். வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. சனி, ஞாயிறும் அந்த 90-இல் சேரும்.

தொழிலாளர் சட்டத்தை மீறாத ஊதியமில்லாத வேலையும் இந்த 20 மணி நேரத்தில் சேரும். அதை நெருக்கடி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தனியாகச் செய்யும் சாதகத்தை வேலை நேரமாக நம்பித் திட்டமிடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். படிக்கும்போதே, பாடத்திட்டத்தின் பகுதியாக வேலை செய்யத் தரும் சிபிடி அனுமதியில் 12 மாதமோ அதற்கு மேலோ முழுநேர வேலை செய்தால், அந்தப் பட்டநிலைக்கான ஓபிடி பறிபோய்விடும்.

படி 2: தொடக்கத் தேதியைக் கலைத்துறையின் நாட்காட்டியோடு பொருத்துங்கள்

படிப்பு முடியும் நாளுக்கு 90 நாட்கள் முன்பிருந்து, முடிந்து 60 நாட்கள் வரை, வேலை அனுமதி கேட்கும் ஐ-765 விண்ணப்பத்தை அனுப்பலாம். அதற்கு முன் உங்கள் கல்லூரியின் டிஎஸ்ஓ, அதாவது சர்வதேச மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி, செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவில் பரிந்துரை செய்து, மாணவர் தகுதிச் சான்றான ஐ-20-ஐப் புதிதாகத் தர வேண்டும். அந்தப் பரிந்துரைத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் 470 டாலர், தாளில் 520 டாலர்; அனுப்பும் நாளில் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 

இங்கே எல்லோரும் அவசரப்படும் இடம் தொடக்கத் தேதி. படிப்பு முடிந்த மறுநாளிலிருந்து 60 நாட்களுக்குள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கலைஞர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ராக்கள், ஓபரா அரங்குகள், இசைப் பள்ளிகள் பெரும்பாலும் செப்டம்பரில்தான் பருவத்தைத் தொடங்குகின்றன. கோடை நாடக அரங்குகளோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மும்முரமாக இயங்குகின்றன.

ஓர் உதாரணம். படிப்பு மே 15-இல் முடிகிறது என்று வையுங்கள். நீங்கள் கேட்கக்கூடிய கடைசித் தேதி ஜூலை 14. அன்று தொடங்கி ஒரு வேலையும் இல்லாமல் இருந்தால், அக்டோபர் 11-ஆம் தேதியோடு 90 நாட்கள் தீர்ந்துவிடும். செப்டம்பரில் வேலை தொடங்கும் பாடகருக்கு இது போதும். மே 16-ஐக் கேட்டிருந்தால் ஆகஸ்ட் 13-ஆம் தேதியே 90 நாட்களும் முடிந்திருக்கும். பருவம் தொடங்கும் முன்னே விசா நிலை ஆட்டம் கண்டிருக்கும். ஜூன் மாதமே கோடை நாடக ஒப்பந்தம் கையில் இருக்கும் நடிகருக்குத் தாமதமான தேதி ஆகாது. இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை கிடைத்து, அதில் அச்சிட்ட தேதியும் வந்த பிறகுதான் மேடை ஏறலாம். நண்பரின் நிகழ்ச்சி, சின்னத் தொகை என்று எதற்கும் விலக்கு இல்லை.

படி 3: தாங்கும் வேலையைப் பிடியுங்கள்

படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். எங்கே தேடலாம்?

பியானோ படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாலே பள்ளிகளை. அங்கே வகுப்புக்கு நேரடியாக வாசிக்கும் ஆள் தேவைப்படுகிறார். மணிக் கணக்கில் ஊதியம், வாரம்தோறும் அதே நேரம். பல்கலைக்கழக நடனத் துறைகளும் பாடகர் வகுப்புகளும் இப்படி ஆள் வைக்கின்றன. குரலிசை படித்தவர்களுக்குத் தேவாலயப் பாடகர் குழுக்கள் உண்டு. நகரத்துப் பெரிய தேவாலயங்கள் பல, ஒவ்வொரு குரல் பிரிவுக்கும் ஊதியம் பெறும் தலைமைப் பாடகரை வைத்திருக்கின்றன. உங்கள் மதம் எதுவாக இருந்தாலும் குறிப்பு பார்த்து உடனே பாடத் தெரிந்தால் போதும். எல்லோருக்கும் பொதுவாகச் சமூக இசைப் பள்ளிகள், நடனக் கூடங்கள், நாடக அரங்குகளின் கல்விப் பிரிவுகள் இருக்கின்றன.

கற்பித்தல் நிகழ்த்துகலையோடு தொடர்புடையதா என்ற கேள்வி வரும். வயலின் நிகழ்த்துகலைப் பட்டத்தோடு வயலின் கற்பித்தால் தொடர்பை விளக்குவது எளிது. அதே ஆள் கணக்கு டியூஷன் எடுத்தால் முடியாது. ஓபிடி மாணவர்கள் வேலை விவரங்களைப் பதியும் அரசுத் தளமான எஸ்இவிபி போர்ட்டலில் ஒவ்வொரு வேலைக்கும் இந்த விளக்கத்தை நீங்களே எழுத வேண்டும். “இசை வேலை” என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். இந்த அளவுக்கு எழுதுங்கள்: “வயலின் நிகழ்த்துகலையில் முதுகலைப் பட்டம் பெற்றேன். இந்தப் பள்ளியில் வாரம் 14 மணி நேரம் வயலின் கற்பிக்கிறேன், மாணவர் குழு இசையை நடத்துகிறேன், ஆசிரியர் கச்சேரிகளில் வாசிக்கிறேன். பட்டப்படிப்பில் கற்ற வாசிப்பு நுட்பம், குழு இசை, இசைத்தொகுப்பு அறிவு ஆகியவற்றை அன்றாடம் பயன்படுத்துகிறேன்.”

பரதநாட்டியமோ கர்நாடக இசையோ தெரிந்தவர்கள் வீட்டிலேயே வகுப்பு நடத்த நினைப்பது இயல்பு. சுயதொழிலுக்கு ஓபிடியில் இடம் உண்டு. ஆனால் அதை முழுநேரமாகச் செய்வதைக் காட்ட வேண்டும், உள்ளூர்ச் சட்டம் கேட்கும் தொழில் உரிமங்கள் இருக்க வேண்டும், உங்கள் பட்டமும் அதற்குப் பொருந்த வேண்டும். தமிழ்ச் சங்க விழாக்களிலும், 1978 முதல் கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனையிலும் பங்கெடுப்பது பெருமைதான். உங்கள் கலைக்கு அது வலுச் சேர்க்கும். ஒரு நாள் நிகழ்ச்சி அந்த வாரத்தின் 20 மணி நேரத்தை நிரப்பாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

படி 4: மேடை வாய்ப்புகளைத் தேடுங்கள்

நாடகத்துக்கு பேக்ஸ்டேஜ், பிளேபில் தளங்களின் வேலைப் பக்கங்களைத் தினமும் பாருங்கள். ஒரே இடத்தில் பல அரங்குகள் கூடி ஆள் எடுக்கும் பொது ஆடிஷன்களும் உண்டு; தென்கிழக்கு மாநிலங்களின் நாடக மாநாடான எஸ்இடிசியும், யுபிடிஏ ஆடிஷன்களும் அப்படிப்பட்டவை. ஓபரா பாடகர்களுக்கு ஆடிஷன்களைப் பட்டியலிடும் யாப் டிராக்கர் தளம். ஆர்கெஸ்ட்ரா இடங்களுக்கு மியூசிக்கல்சேர்ஸ் தளமும், இசைக்கலைஞர் சங்கத்தின் இன்டர்நேஷனல் மியூசிஷியன் இதழும். ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்களின் முதல் சுற்றில் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் வாசிப்பீர்கள். உங்கள் பெயரோ நாடோ நடுவருக்குத் தெரியாது. வெளிநாட்டவர் என்ற தயக்கத்தில் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

விளம்பரமே இல்லாமல் கைமாறும் வேலைகள்தான் அதிகம். ஆர்கெஸ்ட்ராக்கள் மாற்று வாசிப்பாளர்களின் பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் சேர, ஆள் எடுக்கும் மேலாளருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுங்கள்: யார், எந்த வாத்தியம், யாரிடம் படித்தீர்கள், எந்தத் தேதிகளில் வர முடியும், இரண்டு நிமிடப் பதிவு ஒன்றின் இணைப்பு. விசாக் கதையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம். “அமெரிக்காவில் வேலை செய்ய எனக்கு அனுமதி உண்டு” என்ற ஒரு வரி போதும். அது முழு உண்மை. விண்ணப்பப் படிவம் “எதிர்காலத்தில் விசா ஸ்பான்சர் தேவைப்படுமா” என்று தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஓபிடிக்குள்ளேயே முடியும் மூன்று வார நிகழ்ச்சிக்கு அந்தக் கேள்வி அனேகமாக எழாது.

மேடை நடிகர்களின் ஆக்டர்ஸ் எக்விட்டி, திரை நடிகர்களின் எஸ்ஏஜி-ஆஃப்ட்ரா, ஓபரா, நடனக் கலைஞர்களின் ஆக்மா, இசைக்கலைஞர்களின் ஏஎஃப்எம் போன்ற தொழிற்சங்கங்களைப் பற்றி ஒரு கருத்து. சங்கத்தில் சேர்ந்தபின் சங்கம் சாராத சில வேலைகளை ஏற்க முடியாமல் போகும். ஒரே ஆண்டு கையில் இருப்பவர் சேரும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். வேலைக்கு முன்பணம் கேட்பவர்களிடமும், வேலை செய்யாமலே “வேலை பார்க்கிறார்” என்று கடிதம் தருகிறோம் என்பவர்களிடமும் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். பொய்யான வேலைப் பதிவு பிற்கால விசா வாய்ப்பையே கெடுத்துவிடும்.

படி 5: படிவம் நீட்டினால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்

நிகழ்ச்சி முடிந்ததும் அமைப்பாளர் டபிள்யூ-9 என்ற வரிப் படிவத்தை நீட்டுவார். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும், வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவர்களாகக் கருதப்படுவோருக்கும் உரியது. எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவர்தான். ஆகவே “நான் நான்ரெசிடென்ட், டபிள்யூ-8பென் அல்லது 8233 படிவம் தருகிறேன்” என்று பணிவாகச் சொல்லுங்கள். சன்மானத்தில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படலாம். ஆண்டு முடிவில் வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆர் தாக்கல் செய்யும்போது கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவை எடுக்க இடம் தருகிறது.

பள்ளியோ அரங்கோ உங்களை ஊழியராக எடுத்தால், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு இஏடி அட்டையைக் காட்டுவீர்கள். இதே ஐந்தாண்டு வரம்புக்குள் இருக்கும்வரை சம்பளத்திலிருந்து சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளைப் பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்திருந்தால் உடனே கேளுங்கள்.

படி 6: பதிவேடு

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். எளிய அட்டவணை ஒன்றைத் திறந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, இடம், அழைத்தவர், அவருடைய தொடர்பு, உங்கள் பங்கு, ஒத்திகையும் நிகழ்ச்சியுமாக எத்தனை மணி நேரம், ஊதியம், சான்று எந்தக் கோப்பில் இருக்கிறது. இப்படி இருக்கும்: “அக்டோபர் 4, நகரத் தேவாலயம், இசை இயக்குநர், ஆல்ட்டோ பாடகர், ஒத்திகை 3 மணி, வழிபாடு 2 மணி, காசோலைப் படம், நிகழ்ச்சி நிரல்.” ஞாயிறு இரவு அந்த வாரத்தைக் கூட்டிப் பாருங்கள். 20-க்குக் கீழே போகும் வாரம் முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வகுப்பைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும்.

ரொக்கமாகச் சன்மானம் தந்தால் ரசீதோ ஒரு வரி மின்னஞ்சலோ கேட்டு வாங்குங்கள். முகவரி, வேலை கொடுப்பவர் என்று எது மாறினாலும் 10 நாட்களுக்குள் போர்ட்டலில் பதிவாக வேண்டும். பல குறுநிகழ்ச்சிகளை அங்கே எப்படிப் பதிய வேண்டும் என்பதை டிஎஸ்ஓ-விடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டு இசைப் பயணம் அமைந்தால், ஆறு மாதத்துக்குள் கையெழுத்தான ஐ-20, இஏடி, செல்லுபடியாகும் விசா, வேலைக்கான சான்று ஆகிய நான்கும் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

படி 7: ஆறாம் மாதத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள்

தொடர்ந்து தங்க நினைக்கும் கலைஞர்கள் பலர் நாடுவது ஓ-1பி விசா. கலையில் தனித்துவமான தகுதி இருப்பதை அதற்கு நிறுவ வேண்டும். உங்களுக்காக நீங்களே விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவில் உள்ள வேலை கொடுப்பவரோ முகவரோ விண்ணப்பிக்க வேண்டும். சிதறிய ஒப்பந்தங்கள் உள்ளவர்களுக்கு முகவர் வழி பொருந்தும். துறைசார்ந்த சங்கத்தின் கருத்துக் கடிதமும் வேண்டும். கிடைத்தால் முதலில் மூன்று ஆண்டுகள் வரை.

விமர்சனங்கள், உங்கள் பெயர் அச்சான நிகழ்ச்சி நிரல்கள், ஒப்பந்தங்கள், பெயர் பெற்ற கலைஞர்களின் கடிதங்கள் ஆகியவைதான் இதற்கான சான்றுகள். கடிதம் கேட்பதானால் நிகழ்ச்சி முடிந்த அதே வாரத்தில் கேளுங்கள். இயக்குநருக்கு உங்கள் பாட்டு இன்னும் காதில் இருக்கும், எதைப் பாராட்டுகிறார் என்பதைக் குறிப்பாக எழுதுவார். குடியேற்ற வழக்கறிஞரைச் சந்திக்கும்போது படி 6-இல் சேர்த்த பதிவேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த நிகழ்ச்சி முக்கியப் பங்கு, எதற்கு இன்னும் சான்று தேவை என்று முதல் சந்திப்பிலேயே அவர் பிரித்துச் சொல்லிவிடுவார். மீதமுள்ள ஆறு மாதத்தில் எந்த அழைப்புகளை ஏற்பது என்று நீங்கள் முடிவு செய்யலாம்.