சாயத்தொழிலுக்கு முதல் பயிற்சி: 10 கிராம் துணியில் ஒரு நிறம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு, பத்து பகாட் துணி ஆலைகளிலோ கிளந்தானில் மெழுகால் வடிவமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் பட்டறைகளிலோ சாயமேற்றும் வேலைக்குச் செல்ல எண்ணுபவர்கள், விண்ணப்பிக்கும் முன் ஒரு துண்டுத் துணிக்குத் தாமே சாயமேற்றிப் பார்ப்பது நல்லது. இத்தொழிலில் நிற ரசனைக்கு முன்னால் நிற்பது நிறுவையும் அளவையுமே. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் ஒவ்வொரு வாளிக்கும் கணக்குக் கேட்ட பாட்டனாரின் பேரப்பிள்ளைகளுக்கு அது புதிதன்று.

முதலில், 10 கிராம் வெள்ளைப் பருத்தித் துணியைச் சலவைத்தூளும் சிறிது சோடா ஆஷும் (சலவைச் சோடா) கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அலசிக் காயவையுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். சேம்பிலையில் நிற்பது போல் முத்தாக நின்றால், கஞ்சியும் மெழுகும் இன்னும் போகவில்லை என்று பொருள்.

அடுத்தது கணக்கு. துணி எடையில் 2 விழுக்காட்டு நிறத்துக்கு 0.2 கிராம் சாயம் போதும், ஆனால் சாதாரணத் தராசு அதைச் சரியாகக் காட்டாது. எனவே, பாத்தேக்குக்குப் பயன்படும் ரெமசோல் வகைச் சாயம் 1 கிராமை 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி, அதில் 20 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து, 180 மில்லிலிட்டர் நீரோடு கலக்குங்கள். தூள் மூச்சில் கலந்தால் ஆஸ்துமா வரக்கூடும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

நனைத்த துணியை அதில் இட்டு, 10 கிராம் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் கிளறுங்கள். உப்பு சாயத்தை இழையிடம் சேர்க்கிறது. அதன்பின் கரைத்து ஊற்றும் 3 கிராம் சோடா ஆஷ்தான் சாயத்தையும் இழையையும் பிணைக்கிறது. அவசரத்தில் உப்பையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டிய நாளில் எனக்குக் கிடைத்தது தேமல் படர்ந்தது போன்ற துணி. சோடா சேர்த்த பின்னும் முக்கால் மணி நேரம் பொறுத்திருங்கள்.

பிறகு குளிர்ந்த நீரில் அலசி, சவர்க்கார நீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால், பிணையாத சாயம் வெளியேறும். ஈரத்துணிமேல் வெள்ளைத்துணியை வைத்து இஸ்திரி போடுங்கள். கறை ஒட்டினால் இன்னொரு முறை கொதிக்கவிட வேண்டும்.

ஈரத்தில் நிறம் அடர்ந்தே தெரியும் என்பதால், காய்ந்த பிறகே துண்டை நோட்டில் ஒட்டி, அளவுகளையும் தேதியையும் எழுதுங்கள். மென்மையூட்டல், ஸ்டென்டர் இயந்திரத்தில் துணியின் அகலம் நிறுத்தி உலர்த்தல் முதலிய இறுதிப் பதப்படுத்தலை ஆலையில்தான் பழக முடியும். நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். திட்டு விழுந்த துண்டுகளைக் கிழித்துவிட வேண்டாம்.