ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 சென்சாரைக் கைப்பேசியுடன் இணைத்தல்

மேற்கையின் பின்புறத்தைச் சோப்பால் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு ஒட்டினால்தான், சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் இந்தச் சென்சார் 14 நாள்களும் கழன்றுவிடாமல் நிற்கும். பின்னர் கைப்பேசியில் என்எஃப்சி (அருகில் வைத்தால் தகவலைப் பரிமாறும் வசதி), புளூடூத் இரண்டையும் இயக்கி, சென்சாருக்குரிய செயலியைத் திறந்து, ஐபோனானால் அதன் மேல்விளிம்பையும், ஆண்ட்ராய்டானால் பின்புறத்தையும் சென்சாரின் மேல் அதிர்வு உணரும்வரை அசையாமல் வைக்க வேண்டும். 60 நிமிடங்களில் அளவுகள் வரத் தொடங்கும்.

கருவி அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியிலுள்ள திசுநீரின் சர்க்கரையை என்பதால், அளவு வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் திரையிலுள்ள எண் சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். ஆகவே செயலி 110 என்று காட்டியும், சர்க்கரை தாழ்ந்ததுபோல் கை நடுங்கி, நெற்றி வியர்த்தால், தயவுசெய்து உடனே விரல்நுனியில் குத்திப் பார்த்து அந்த அளவையே நம்புங்கள். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும், உண்மையைவிடத் தாழ்ந்த எண் வந்து நள்ளிரவில் எச்சரிக்கை ஒலிக்கக்கூடும்.