மாசியில் தொடங்க வேண்டிய கொல்லை வேலைகள்

பழைய பருவக் கணக்கின்படி சித்திரையும் வைகாசியுமே இளவேனில். ஆனால் காவிரிப் படுகையில் கொல்லையும் கிணற்றடியும் உள்ள வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, செடிகொடிகளின் வசந்தம் மாசியிலேயே வந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓரிரு மாதங்களே ஆகியிருப்பதால் மண்ணின் அடியில் ஈரம் மிச்சமிருக்கும். மா பூத்திருக்கும், வேம்பு பழைய இலைகளைக் கொட்டத் தொடங்கியிருக்கும், முருங்கையில் பிஞ்சு தலைகாட்டும். சித்திரை பிறந்தபின் மண்வெட்டியைத் தேடுவோமானால் மண் இறுகிவிடுவதோடு, காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். ஆகவே கொத்துதல், கவாத்து, எரு வைத்தல், விதைத்தல் ஆகியவற்றை மாசி, பங்குனி ஆகிய பின்பனி மாதங்களில் முடித்துவிட்டு, அதன்பின் தண்ணீரையும் நிழலையும் மட்டும் கவனிப்பதே, பிள்ளைகள் வெளியூரில் இருக்க இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு ஏற்ற முறையாகும். எழுபதைக் கடந்த நாங்கள் இருவரும் சில ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறோம்.

முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்க வேண்டாம். ஒரு குறிப்பேட்டுடன் கொல்லையை ஒரு முறை சுற்றி வந்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஐம்பது வயதில் பராமரித்த நாற்பது தொட்டிகளையும் எழுபத்தைந்து வயதிலும் பராமரிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. பத்து லிட்டர் வாளியைக் குனிந்து தூக்கி, காலையில் பத்து முறை நடந்தால் நூறு கிலோவைச் சுமந்திருக்கிறோம். இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தாலே, எந்தத் தொட்டிகள் அண்டை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். எஞ்சியவற்றைக் குழாய்க்கு அருகே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மேடையின் மீதோ செங்கல் அடுக்கிப் போட்ட பலகையின் மீதோ வரிசையாக வைத்துவிடுங்கள். குனியாமல் செய்யக்கூடிய வேலை பாதி வேலைதான். புதிதாகத் தொட்டி நிரப்பும்போது, செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் என்ற வழக்கமான சம பாகக் கலவையில் மணலின் அளவைக் குறைத்துக்கொண்டு தேங்காய் நார்க்கழிவைச் சேர்த்தால் எடை குறையும், ஈரமும் நீடிக்கும்.

அடுத்து தரை. மழைக்காலம் முழுவதும் கிணற்றடியிலும் துணி துவைக்கும் கல்லைச் சுற்றியும் படிந்த பாசி, மாசியில் காய்ந்து கறுத்த தோல்போலக் கிடக்கும். காய்ந்திருக்கும்போது வழுக்காத அது, ஒரு குவளைத் தண்ணீர் பட்டவுடன் எண்ணெய்போல் ஆகிவிடும். பிளீச்சிங் பவுடரைத் தூவி, சிறிது தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, நீண்ட கைப்பிடி கொண்ட தேய்ப்பானால் நின்றபடியே தேய்த்துக் கழுவுங்கள். அதோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கக் கூடாது. குறிப்பாக, கழிப்பறைக்குப் பயன்படுத்தும் அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரப்பர் குழாயைத் தரையில் நீளமாகப் போட்டு வைக்கும் வழக்கத்தையும் இந்த ஆண்டோடு விட்டுவிடுவது நல்லது. சென்ற ஆண்டு என் மனைவி தடுக்கி விழுந்தது கல்லில் அன்று, அந்தக் குழாயில்தான். மணிக்கட்டு தப்பியது அதிர்ஷ்டம். இப்போது சுவரில் அடித்த இரு முளைகளில் குழாயைச் சுருட்டித் தொங்கவிடுகிறோம்.

வேப்பஞ் சருகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாசிக் கடைசியிலிருந்து வேம்பு கொட்டும் கொட்டில், காலையில் பெருக்கிய முற்றம் மாலைக்குள் மீண்டும் மூடிவிடுகிறது. தினமும் இரண்டு வேளை பெருக்கி இடுப்பு வலியைத் தேடிக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவில் பலர் உண்டு. மரம் கொட்டி முடிக்கும்வரை நடைபாதையையும் வாசலையும் மட்டும் பெருக்கினால் போதும் என்பது என் கருத்து. சருகு முழுவதும் விழுந்து, செந்தளிர் தோன்றிய பிறகு, ஒரே முறையாக ஒரு கூலியாளை வைத்துக் கூட்டி அள்ளிவிடலாம். தீ வைப்பது மட்டும் கூடாது. ஆஸ்துமாவோ நாள்பட்ட இருமலோ உள்ள முதியவருக்கு அந்தப் புகை ஒரு வாரத்துக்குத் தொல்லை தரும். அதைவிட, கோடை முழுவதும் செடிகளின் அடியில் பரப்ப வேண்டிய மூடாக்கை நாமே எரித்தவர்களாவோம்.

சருகில் ஒரு பகுதியைச் செடிகளின் தூரைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி இருக்கட்டும், இல்லையெனில் பட்டை ஈரம் கோத்து அழுகக்கூடும். மிச்சத்தைக் கொல்லையின் மூலையில், காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் வட்டத்துக்குள் போட்டு, சமையலறைக் கழிவையும் சாணக் கரைசலையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு மாதங்களில் எரு தயாராகிவிடும். தென்னை உள்ள வீட்டில் இந்த எருக்குழியில் ஒரு சிக்கல் உண்டு. தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் குப்பையில்தான். எனவே எருவைக் கிளறும்போதெல்லாம், பிறைபோல் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துவிட்டால், காக்கைகள் பத்து நிமிடத்தில் கணக்கைத் தீர்த்துவிடும். விரிந்த ஓலை விசிறியைக் கத்தரித்தாற்போல முக்கோண வெட்டுகளுடன் தெரிந்தால், வண்டு ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். மரம் ஏறுபவர் வரும்போது, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்த மரம் ஏறுபவரை மாசியிலேயே சொல்லிவைத்து வரவழைப்பது அவசியம். பங்குனிக்குப் பிறகு இளநீர் வியாபாரத்தில் அவர் கைக்குக் கிடைப்பது அரிது. காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காய் எல்லாவற்றையும் இறக்கிவிட்டால், கோடைக் காற்றில் தலையில் விழக்கூடிய எதுவும் மேலே இருக்காது. ஏறுவதற்கு வசதியாக மரத்தில் படி வெட்ட மட்டும் அனுமதிக்காதீர்கள், அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். ஓலையின் அடிப்பக்கம் வெண்மையாகச் சுருள் சுருளாகவும், கீழே உள்ள வாழையிலும் கொய்யாவிலும் கரி பூசியதுபோலவும் காணப்பட்டால் அது சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி இப்போது எங்கும் இருக்கிறது. கடும் மருந்து அடித்தால் அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும் இறந்துவிடுவதால், ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் நிற நெகிழித் தாள்களைத் தோப்பில் கட்டுவதும், எட்டுகிற உயரத்திலுள்ள ஓலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும் போதும். கரியை நீக்க, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியைத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது கரியும் சேர்ந்து உதிரும்.

ஏணியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: அறுபதுக்கு மேற்பட்ட எவரும் கொல்லையில் ஏணி ஏறக் கூடாது. தரையில் நின்று துறட்டியால் எட்டக்கூடியது நம் வேலை, எட்டாதது கூலிக்குரிய வேலை. முருங்கைக் கிளை எளிதில் முறிவது என்பதால், அந்த மரத்தின் அருகில் ஏணியைச் சாய்ப்பதே தவறு. காய்ப்பு முடிந்தவுடன் அதை ஆள் உயரத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும்.

நின்றபடியே செய்யக்கூடிய கவாத்துதான் முதியவருக்கு மனநிறைவு தரும் வேலை. மல்லிகையைக் கார்த்திகை மார்கழியிலேயே வெட்டியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் மாசி முதல் வாரத்துக்குள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, காய்ந்த குச்சிகளையும் ஒன்றின்மேல் ஒன்று உரசும் கிளைகளையும் நீக்கி, தூரைக் கொத்தி, தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் வைத்துத் தண்ணீர் விடுங்கள். பூ சற்றுத் தாமதமாக வருமே தவிர வராமல் போகாது. கறிவேப்பிலையின் உச்சியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, பறிக்கக் குனியவும் வேண்டாம், அண்ணாக்கவும் வேண்டாம். என் மனைவி அதற்குப் புளித்த மோர் ஊற்றுகிறாள். அதன் விஞ்ஞானத்தை நான் விசாரித்ததில்லை, செடி செழிப்பாக இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கொழுந்தையே வெட்டி எடுத்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். மாமரம் பூவோடு நிற்கும்போது எதையும் தெளிக்க வேண்டாம், ஈக்களும் தேனீக்களும் வந்தாக வேண்டும். பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்தபின் வாரம் ஒரு முறை தண்ணீர் காட்டினால் உதிர்வது குறையும். வாழையில் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட்டு, தார் போட்ட மரத்துக்கு மூங்கில் முட்டு கொடுங்கள். சித்திரை மாதத்துச் சுழற்காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

காய்கறியில் பேராசை வேண்டாம். இரண்டு பேர் சாப்பிட ஒரு பாத்தி கீரையும் பத்து வெண்டைச் செடியும் நான்கு கொத்தவரைச் செடியும் போதுமானவை. கீரை விதை மிக நுண்ணியது என்பதால், நான்கு மடங்கு மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போட்டு, பூவாளியால் மட்டும் நனைக்க வேண்டும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்கப் பாத்தியின் ஓரத்தில் சிறிது அரிசி நொய்யைத் தூவினால் அவை அதில் ஈடுபட்டுவிடும். முளைக்கீரை மூன்று வாரத்திலும், வெண்டை ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலும் கைக்கு வரும். ஆகவே மாசி நடுவில் விதைத்த வெண்டை பங்குனி முடிவதற்குள் காய்க்கத் தொடங்கிவிடும்.

பங்குனிக்குள் தண்ணீர் ஏற்பாட்டையும் செய்துவிட வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது பானைப் பாசனம். சுட்ட மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணித் திரியைச் செருகி, செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு அந்தச் செடியைப் பற்றிக் கவலையில்லை. மூடாமல் விட்டால் பானையே கொசுப் பண்ணையாகிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது, அது முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். எனவே தொட்டிகளின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பறவைக்கு வைக்கும் கிண்ணம் ஆகியவற்றை வாரம் ஒரு நாள் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்திலும் அதன் முட்டைகள் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் கவிழ்ப்பது மட்டும் போதாது.

உடம்பைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர் கொல்லையில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. முள் தைத்தது மூன்றாம் நாள்தான் தெரியவரும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அரிவாளை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, கையுறையோடு களை பறிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். கண்புரை அறுவை செய்துகொண்டவர், மருத்துவர் சொல்லும்வரை மண் தூசியிலிருந்து விலகியிருக்க வேண்டும். தனுர்வாத ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் மாசிக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடலின் நீரை வெளியேற்றுவன. அவற்றைச் சாப்பிடுபவர் வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

செங்கல், விறகு, சருகுக் குவியல் ஆகியவற்றைக் கையால் கலைக்காதீர்கள். நீண்ட கழியால் தட்டி, சிறிது நேரம் காத்திருந்து, பிறகு களைக்கொட்டால் இழுங்கள். கண்ணாடி விரியன் காய்ந்த சருகின் நிறத்தோடு ஒன்றிப்போகும். சத்தம் கேட்டு விலகுவதைவிட அசையாமல் கிடப்பதே அதன் இயல்பு. மாலைக்குப் பின் டார்ச் விளக்கும் மூடிய செருப்பும் இல்லாமல் கொல்லைக் கதவைத் திறக்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அந்த எண்ணோடு அண்டை வீட்டாரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொல்லைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். ஒருவர் கொல்லையில் இருக்கும்போது மற்றவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும், இருவரில் யாருடைய சட்டைப்பையிலாவது கைப்பேசி இருக்க வேண்டும்.

சித்திரை பிறந்ததும் வேலை நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை வரை மட்டும். மே 4ஆம் தேதியை ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது, தொட்டிச் செடிகளின் மேல் பழைய வேட்டியையோ பச்சை நிழல்வலையையோ கட்டிவிட்டு, மாலையில் பூவாளியைப் பாதி மட்டும் நிரப்பி, இரண்டு நடையாக ஊற்றுங்கள். கொத்துவதும் வெட்டுவதும் மிச்சமிருந்தால் அவை ஆடி வரை காத்திருக்கட்டும்.